எல்லோரும் ஜெசிந்தாவின் எண்ணில்

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைச் சுற்றிவிட்டு, வெயிலில் வதங்கிப்போய் ஒரு பழச்சாற்றுக் கடையில் உட்கார்ந்தோம். மேசைமேல் 'இலவச வைஃபை' என்று ஓர் அட்டை. நான் வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் என் மகள் என் போனை எடுத்து அதில் நுழையப் பார்த்தாள். பெயரைக் கேட்டது, கொடுத்தாள். கைபேசி எண்ணைக் கேட்டது, கொடுத்தாள். பிறந்த தேதியைக் கேட்டது. அதற்கடுத்து, போனில் சேமித்து வைத்திருக்கும் எண்களை எல்லாம் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டது. அங்கேதான் நான் எட்டிப் போனைப் பிடுங்கினேன்.

"உன் பொறந்த தேதி இவங்களுக்கு எதுக்கு? கேக் வெட்டப் போறாங்களா?"

"எல்லாரும் குடுக்கறாங்கம்மா."

"எல்லாரும் குடுக்கட்டும்."

என் கணவர் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில், "இவங்களுக்கு ஃப்ரீ வைஃபைன்னாலே ஆவாதுங்க, பழைய பகை" என்றார். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மிக்ஸியைப் போட்டார். பழைய மிக்ஸி. மோட்டார் சூடேறி, காந்தலும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சாத்துக்குடி மறந்துபோயிற்று. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில், நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்ற இருபது வயதுப் பெண்ணாகிவிட்டேன்.

ஒரு காருக்குள் எவ்வளவு ஒயர் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது, அங்கே சேரும்வரை. பல நிற ஒயர்களை ஒரு பெரிய பலகையில் ஓடவிட்டு, முனைகளை இயந்திரத்தில் அழுத்தி, டேப் சுற்றிக் கட்ட வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. எங்கள் யாருக்கும் நேரடி வேலை இல்லை. ஆள் எடுத்துத் தரும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தின் ஆட்கள் நாங்கள். தங்கும் விடுதி, ஷிஃப்ட் பஸ், சாம்பார் எல்லாம் அவர்களுடையதுதான். அந்த சாம்பாரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

விடுதி என்றேனே, அது உண்மையில் ஒரு பழைய கல்யாண மண்டபம். பெரிய மண்டபங்கள் வந்ததும் ஆள் வராமல் போன அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து இரும்புக் கட்டில்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். 'மணமகள் அறை' என்று எழுதியிருந்த அறையில் வார்டன் வசந்தா அம்மா இருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் எங்களில் சிலருக்குக் கட்டில். என் கட்டிலும் மேடையில்தான். ஊரில் என் கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம், "நான் ஏற்கெனவே மேடையிலதான் படுத்துக்கிட்டிருக்கேன்" என்று போனில் சொல்லுவேன். அம்மா சிரிக்கமாட்டாள்.

பக்கத்துக் கட்டில் ஜெசிந்தாவுடையது. நெம்மேலிப் பக்கத்துக் காலனிப் பெண். அவள் அப்பா ஆரோக்கியம் இளவயதில் ஊர்க்காரர்களின் நிலங்களில் கூலிக்குப் போனவர்; பிறகு கடலோர விடுதி ஒன்றில் தோட்ட வேலை கிடைத்து நிமிர்ந்தவர். ஜெசிந்தா ஒல்லி. குரல் மட்டும் ஒல்லி இல்லை. அந்தப் பக்கத்து 'இன்னா'வும் 'கீது'வும் அவள் வாயில் வந்தால், திருக்கழுக்குன்றத்துக்காரியான எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கும்.

அது டேட்டாவைத் துளித்துளியாகச் செலவழித்த காலம். பெட்டிக் கடையில் ஒரு சின்ன பேக் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டுப் பார்ப்பதா வேண்டாமா என்று யோசிப்போம். படம் ஏற்ற வேண்டுமென்றாலோ, தேர்வு நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டுமென்றாலோ செங்கல்பட்டு பஸ் நிலையத்தருகே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவோம். அதனால், ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது மேடைக்கு மேலே, பூ அலங்காரம் கட்டும் கொக்கிக்குப் பக்கத்தில், பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைப் பெட்டியைப் பார்த்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வைஃபை! அதுவும் இலவசம்! ஒவ்வொருத்தியும் தன் வேலை எண்ணையும் ஒரு பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போகலாம் என்று வசந்தா அம்மா அறிவித்தார். அன்று சாம்பாரை யாரும் திட்டவில்லை.

ஒரு வாரம் போனபிறகுதான் அதன் குணம் தெரிந்தது. நிறுவனத்தின் பக்கம் திறக்கும். சினிமாத் துணுக்குகளும் சீரியல்களும் காட்டும் ஒரு செயலி பறக்கும். சேலை சுடிதார் விற்கும் கடை ஒன்று, நம் மனசைப் படித்ததுபோல் ஓடும். வேறு எங்கேயாவது போனால் ஒரு சாம்பல் நிறப் பக்கம் வந்து, அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லும். தேடலாம், விடைகளின் தலைப்புகள் வரிசையாக வரும், தொட்டால் சாம்பல். நான் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பழைய கேள்வித்தாள் இருக்கும் பக்கத்தைத் தொட்டேன், சாம்பல். பக்கத்தில் ஒருத்தி நடிகையின் கல்யாண வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள், தங்குதடையில்லாமல்.

"ஓசில வர்றதுக்கு இவ்ளோதான் கெடைக்கும்" என்றேன் ஜெசிந்தாவிடம். பெரிய விவேகியைப்போல.

"ஓசியா? நம்ம ஷிஃப்ட் பஸ்ஸு மாதிரி கீது. ஏத்திக்குவான், அவன் சொல்ற எடத்துலதான் எறக்குவான்" என்றாள் அவள்.

அந்த நாட்களில்தான் புவனாவுக்கு விரல் நசுங்கியது. உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண். ஒயர் முனையை அழுத்தும் இயந்திரத்தில் வலது ஆள்காட்டி விரல் மாட்டிக்கொண்டது. நான் இரண்டு பலகை தள்ளி நின்றிருந்தேன். அவள் கத்தவே இல்லை. 'ஐயோ, கோட்டு' என்றாள், நீலக் கோட்டில் ரத்தம் பட்டுவிட்டதே என்று. கட்டுப் போட்டு விடுதிக்கு அனுப்பினார்கள். மறுநாள் கான்ட்ராக்ட் நிறுவனத்தின் மேலாளர் வந்தார். மணமகள் அறையில் புவனாவை உட்காரவைத்து ஆறுதலாகப் பேசினார். விடுதிக் கதவில் விரல் நசுங்கியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மருந்துச் செலவை நிறுவனமே பார்த்துக்கொள்ளும், வேலையும் இருக்கும் என்றார். புவனா அழுதுகொண்டே, "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்று தப்பித்து வந்தாள்.

"கதவா?" என்றாள் ஜெசிந்தா. "இந்த மண்டபத்துல எந்தக் கதவுடி முழுசா மூடுது?"

அன்று சாயங்காலமே அவள் போனும் கையுமாக உட்கார்ந்தாள். வேலையில் விரல் நசுங்கினால் என்ன செய்ய வேண்டும், இ.எஸ்.ஐ.யில் என்ன கிடைக்கும், கதவு என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விதவிதமாகத் தேடினாள். தலைப்புகள் தமிழிலேயே வந்தன. தொட்டால் சாம்பல். மறுபடி வேறு வார்த்தை போட்டாள். சாம்பல். அவளுடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். அது திறக்காது என்று தெரிந்தபிறகும் தொட்டுக்கொண்டிருந்தாள். வார விடுமுறையில் செங்கல்பட்டு பிரவுசிங் சென்டருக்குப் போய் அதே பக்கங்களை ஒரு நொடியில் திறந்து படித்துவிட்டு வந்து, புவனாவிடம் சொன்னாள்: "கையெழுத்துப் போடாத. கதவுன்னு போட்டா உனக்கு ஒண்ணும் கெடையாது. மெஷின்ல நசுங்கிச்சுன்னு அவங்கதான் எழுதிக் குடுக்கணும்."

புவனா கையெழுத்துப் போடவில்லை.

நாங்கள் எதில் நுழைய முயன்றோம், என்ன வார்த்தை போட்டுத் தேடினோம் என்பதெல்லாம் அந்த வெள்ளைப் பெட்டியிலிருந்து எங்கேயோ போய், யாரோ உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிய வந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில்.

துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஜெசிந்தாவின் அப்பா, கையில் ஒரு துணிப்பையோடு, வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்து, பஸ் மாறி வந்து மண்டப வாசலில் நிற்கிறார். அவரை அங்கே பார்த்ததும் ஜெசிந்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அதற்குள் மேலாளரே கூடத்துக்கு வந்தார். முதல் நாள் போன் செய்து அவள் அப்பாவை வரச் சொன்னதே மேலாளர்தான்.

"உங்க பொண்ணோட போக்கு சரியில்லைங்க" என்றார். "எப்பப் பாத்தாலும் நெட்டுதான். என்னென்ன தேடுதுன்னு எங்ககிட்ட ரெக்கார்டு இருக்கு. நீங்க கூட்டிட்டுப் போயிடறது நல்லது."

"இன்னா தேடிச்சு சார்?"

"பொம்பளைப் புள்ளைங்க இருக்காங்க. இங்க வச்சு சொல்ற மாதிரி இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் என்ன செய்துவிட்டார் பாருங்கள். பொய் என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டுவிட்டார். காலனியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்களோ அதை அப்பாவின் மனசே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

ஆரோக்கியம் பையைக் கீழே வைத்தார். மேலாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம் பொண்ணு இன்னா பாக்குதுன்னு நீ இன்னாத்துக்கு சார் பாத்துகினு கீற?"

மேலாளர் மணமகள் அறைப் பக்கம் பார்த்தார்.

"இல்ல, கேக்கறேன். பொம்பளைங்க தங்கற எடம். யாரு இன்னா பாக்குறாங்கன்னு ஆம்பள நீ குந்திகினு பாப்ப. அத்த இவங்க எதுக்க சொல்ல மாட்ட. ஆனா எனக்குப் போன் பண்ணிச் சொல்லுவ. இது இன்னா சார் நாயம்?"

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா தேடின?"

"புவனாவுக்கு மிஷின்ல வெரலு நசுங்கிச்சு நைனா. அதுக்குச் சட்டத்துல இன்னா கீதுன்னு தேடினேன்."

"அவ்ளோதானா?"

ஜெசிந்தா ஒரு நொடி யோசித்தாள். "முடி கொட்டுது, அதுக்கு இன்னா தடவறதுன்னும் தேடினேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் மேலாளர் மணமகள் அறைக்குள் போய்விட்டார். ஆரோக்கியம் துணிப்பையிலிருந்து ஒரு டப்பா எடுத்து மகளிடம் கொடுத்தார். வறுத்த நெத்திலிக் கருவாடு. "கூட்டினு போறதுக்குத்தான் வந்தேன். இப்ப வேணாம். நீ இங்கியே இரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினார். அந்தக் கருவாட்டின் வாசனையில் அன்று விடுதியே சோறு தின்றது.

ஆனால் சிரித்துத் தீர்ந்த கோபமா அது? சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருத்தியாக யோசிக்க ஆரம்பித்தோம். நான் என்ன தேடினேன்? மாதவிலக்கு தள்ளிப்போவது பற்றித் தேடியவள் இருந்தாள். ஊரில் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் பெயரைப் போட்டுத் தேடியவள் இருந்தாள். வேறு தொழிற்சாலையில் வேலை தேடியவர்கள் பாதிப் பேர். எல்லாவற்றையும் அந்த ஆள் படித்திருக்கிறார். கூடத்தின் நடுவில் துணியில்லாமல் நின்றதுபோல் இருந்தது எங்களுக்கு.

"வைஃபையே வேணாம், அணைச்சுடலாம்" என்றாள் ஒருத்தி.

"அணைச்சா நாம பயந்துட்டோம்னு நெனப்பான்" என்றாள் ஜெசிந்தா. "எல்லாரும் என் நம்பரையே போடுங்கடி. என் பாஸ்வேர்டையும் சொல்றேன். எவ இன்னா பாத்தான்னு அவன் குந்திகினு ஆராய்ச்சி பண்ணட்டும்."

இன்று என் அலுவலகத்தில் இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார்கள். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று பெரிய எழுத்தில் திரையில் காட்டுவார்கள். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவேன். உள்ளுக்குள், ஒரு மண்டபமே ஒரே கடவுச்சொல்லில் பத்திரமாக இருந்தோமே என்று நினைத்துக்கொள்வேன். ஓர் எண்ணுக்கு ஒரு போன்தான் என்று கட்டுப்பாடு வைக்க அந்தப் புத்திசாலிகளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

பிறகு நடந்தது திருவிழா. ஜெசிந்தா ஒரே சமயத்தில் கம்மல் டிசைன் பார்த்தாள், தொழிலாளர் சட்டம் தேடினாள், கோழி பிரியாணி தேடினாள், ராணுவத்தில் சேர உயரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். அவள் தொழிற்சாலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோதும் விடுதியில் படம் பார்த்தாள். நான் என் பங்குக்கு, 'அடுத்தவர் தேடுவதைப் படிப்பது என்ன வியாதி' என்று தினமும் ஒரு தடவை தேடினேன். திறக்காத சாம்பல் பக்கங்களை வேண்டுமென்றே தட்டினோம், கதவைத் தட்டுவதுபோல.

மேலாளர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஆறுதல் குரல் இல்லை. எல்லோரையும் மேடைக்கு முன்னால் நிற்கவைத்தார்.

"ஒரு நம்பர்ல எத்தனை பேர் போறீங்க? யார் ஆரம்பிச்சது இதை? பேரைச் சொன்னவங்களுக்கு ஒண்ணும் வராது. சொல்லலைன்னா எல்லாருக்கும் கான்ட்ராக்ட் கட்."

என் பக்கத்தில் நின்ற புவனா கட்டுப்போட்ட விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா வாயைத் திறக்கப் போவது எனக்குத் தெரிந்தது; அவள் முழங்கையைப் பிடித்தேன். அப்போது மணமகள் அறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. வசந்தா அம்மா.

"சார், யார் ஆரம்பிச்சாங்கன்னு தெரியாது. நானும் அந்த நம்பர்லதான் சீரியல் பாக்குறேன்."

மேலாளர் அவரைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வசந்தா அம்மா எங்களிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. நேரம் கழித்து வந்தால் வெளியே நிறுத்துவார், எண்ணெய் அதிகம் கேட்டால் முறைப்பார். "என் நம்பர்ல பாத்தா எந்த சீரியல் பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியும்ல சார். எனக்கு வெக்கமா இருக்கு" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அதற்குப்பிறகு ஜெசிந்தாவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

"ஒண்ணு, எல்லாத்தையும் தெறந்து வுடு சார். யாரு இன்னா பாத்தாலும் பாக்காத. முடியாதுன்னா பெட்டிய கழட்டினு போ."

"ஃப்ரீயா குடுக்குறோம். அதுக்குக் கண்டிஷன் வேற போடுறியா?"

"ஃப்ரீன்னு நாங்க கேட்டமா? சும்மா குடுக்கற சோத்துலயும் நீ ஊட்டறத மட்டுந்தான் துன்னணும்னா, எங்களுக்கு அந்தச் சோறே வேணாம்."

பெட்டியைக் கழற்றிக்கொண்டுதான் போனார்கள். ஒருவன் ஏணி போட்டு ஏறி ஒயரை உருவினான். கீழே நின்று பார்த்த நாங்கள் கைதட்டினோம். உண்மையைச் சொன்னால், அன்று சாயங்காலம் சினிமாத் துணுக்கு இல்லாமல் பாதிப் பேருக்குக் கை பரபரத்தது. எனக்கும்தான். எவளிடம் டேட்டா இருக்கிறதோ அவள் போனிலிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொள்ளப் பழகினோம். மெதுவாகத்தான் வரும். ஆனால் தொட்ட பக்கம் திறந்தது. அந்த வருஷமோ அடுத்த வருஷமோ டிவி விவாதத்தில் கோட்டுப் போட்டவர்கள், இணையத்தில் எல்லாப் பக்கத்துக்கும் சமமாக வழிவிட வேண்டுமா வேண்டாமா என்று அடித்துக்கொண்டார்கள். அதற்கு 'நெட் நியூட்ராலிட்டி' என்று ஒரு பெயர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இவ்வளவு பெரிய பெயரா என்று இருந்தது.

புவனாவின் விரல் இயந்திரத்தில்தான் நசுங்கியது என்று கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் அத்தனை பேரும் சாட்சி சொல்லத் தயாராக நின்றதால் வேறு வழியில்லை. அவளுக்குச் சேர வேண்டிய சிகிச்சையும் உதவியும் கிடைத்தன. விரல்தான் முழுசாக மடங்கவில்லை. எங்கள் கான்ட்ராக்ட் முடிந்தபோது ஜெசிந்தாவுக்கும் எனக்கும் இன்னும் சிலருக்கும் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. வசந்தா அம்மாவையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாகக் கேள்வி. துணிப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் ஜெசிந்தாவும் சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே ஸ்டேஷனில் நின்றபோது, "வருத்தமா கீதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. இன்றைக்கும் உண்மை.

இப்போது அவள் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மருத்துவமனையில், காப்பீட்டுப் பிரிவில் இருக்கிறாள். நோயாளிகளுக்காகப் போனில் அவள் போடும் சண்டையைக் கேட்க வேண்டும். போன மாதம் பேசியபோது என் அலுவலகக் கதையைச் சொன்னேன். வருகைப் பதிவுக்கு இனிமேல் முகத்தைக் காட்ட வேண்டும் என்று வாசலில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். 'இந்த முகம் எங்கே போகிறது, யார் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள்' என்று எழுதிக் கேட்டேன். பதில் வரும்வரை காட்ட மாட்டேன் என்று பேனாவால் கையெழுத்துப் போட்டு வருகிறேன். மேலதிகாரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார். என் பக்கத்து மேசைக்காரி, "எதுக்குக்கா வம்பு, எல்லாரும் காட்டிட்டாங்க, நீங்க ஒருத்திதான்" என்கிறாள்.

"நம்ம நாள்ல நல்லவேளை நம்பரு கேட்டான்" என்றாள் ஜெசிந்தா. "நம்பர ஊருக்கே குடுத்துட்டேன். மூஞ்ச எப்டிடி குடுக்கறது?"

அவள் சொன்னது என்னை விடவில்லை. அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். செங்கல்பட்டு பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் செருப்புக் கடை. அவை போகட்டும். போனதில் எனக்கு ஆறாதது வேறொன்று. ஒருத்தியின் எண்ணுக்குள் ஐம்பது பேர் போய் நிற்க முடிந்தது. எவள் எவளென்று கண்டுபிடிக்க முடியாமல் ஒரு மேலாளர் திண்டாட முடிந்தது. இன்று அந்தக் கருவியின் முன்னால் ஒவ்வொருத்தியும் அவளவள் முகத்தோடு தனியாகப் போய் நிற்கிறாள். பச்சை விளக்கு எரிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறாள். நான் ஓரமாக நின்று பேனாவைத் திறக்கிறேன்.